ஒன்றாம் தேதி

மேற்கு மாம்பலத்தில் கொசுவுக்கு அடுத்தபடியாக எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் பென்ஷன்காரர்கள் என்று என் நண்பர் ஒருவர் சொல்வது வழக்கம். அவரே ஒரு பென்ஷன்காரர். ஆகையால் நான் மறுத்துப் பேசுவதில்லை.

எங்கள் வீட்டு மாடியில் அப்படி ஒரு தம்பதி குடியிருக்கிறார்கள். மாமாவுக்கு எண்பத்திரண்டு வயது, மாமிக்கு எழுபத்தாறு. மாமா மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆனவர். விடியற்காலையில் மாமி காப்பி ஃபில்டரைத் தட்டும் சத்தம் கேட்டால் மணி நாலரை. கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆறு மணிக்கு மாமா பேப்பரை விளம்பரம்கூட விடாமல் படிக்கத் தொடங்குவார். பத்து மணிக்குச் சாப்பாடு. பிற்பகலில் சிறு தூக்கம். சாயங்காலம் அயோத்தியா மண்டபத்தில் உபந்நியாசம். திரும்புகிற வழியில் அரைக் கிலோ கத்தரிக்காய். வீடு வந்து சேரும் வரையில் அதன் விலையைப் பற்றி விவாதம்.

வருஷத்தில் ஒரு நாள்தான் இந்த ஒழுங்கு கலையும். நவம்பர் மாதத்தில் மாமா தாம் உயிரோடு இருப்பதை நிரூபித்தாக வேண்டும். சென்ற தடவை கைரேகை பார்க்கும் கருவி அவருடைய தேய்ந்த விரலை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் முகத்தைக் காட்டித்தான் காரியம் முடிந்தது.

"அம்பது வருஷமா கூட இருக்கேன். நான் சொன்னா நம்ப மாட்டாளாமா?" என்று மாமி சிரித்தாள்.

அன்று மாலை, மாமா இல்லாத சமயம் பார்த்துப் படியிறங்கி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏண்டாப்பா, அவருக்கு அப்புறம் எனக்கு ஏதாவது வருமோ?" என்று கேட்டாள்.

"வரும், மாமி" என்றேன். நான் சொல்வதற்கு ஒரு விநாடி ஆயிற்று. சர்க்கார் அதைச் சொல்வதற்கு எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா?

பென்ஷன்காரர்கள் இந்தப் பேட்டையில் வந்து சேர்ந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால், ரெயில் பாதைக்குக் கிழக்கே இன்று தியாகராயநகர் இருக்கும் இடத்தில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்த ஏரி. 1920-களில், ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியின்போது, அதை வற்றவைத்து மனை போட்டார்கள். புதிய நகரத்துக்குத் தியாகராய செட்டியாரின் பெயரும், நடுவில் அமைந்த பூங்காவுக்குப் பனகல் ராஜாவின் பெயரும் கிடைத்தன. அகன்ற தெருக்களும் பங்களாக்களும் அந்தப் பக்கம். மேற்கே நமக்குக் கிடைத்தவை பள்ளமும் சேறும் கொசுவும். யானைக்கால் வியாதிக்குப் பேர்போன இடம் என்று பெண் கொடுக்க யோசித்தவர்கள் உண்டு. இங்கே லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இன்னும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை.

ஆனால் வாடகை குறைவு. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரெயில் ஓட ஆரம்பித்ததும் கோட்டையிலும் பாரிமுனையிலும் வேலை பார்த்த குமாஸ்தாக்களுக்கு மாம்பலம் ஸ்டேஷன் சௌகரியமாகிவிட்டது. வந்தவர்கள் இங்கேயே பிள்ளைகளை வளர்த்தார்கள். இங்கேயே ரிடையர் ஆனார்கள். அப்போதெல்லாம் ஐம்பத்தைந்து வயதில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மத்திய சர்க்கார் அதை ஐம்பத்தெட்டு ஆக்கியது 1962 டிசம்பரில்தான். 1953-ல் பப்ளிக் ஹெல்த் சென்டர் தொடங்கிய பிறகு குறைந்த செலவில் வைத்தியத்துக்கும் வழி பிறந்தது. கோயில், கதை, காய்கறிக் கடை எல்லாம் நடக்கும் தூரத்தில். வயோதிகர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்றாம் தேதி வேண்டும். அது ஒருவருடைய மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் 1871-ல் பென்ஷனுக்கு என்று ஒரு சட்டம் செய்தான். கலெக்டர் போன்ற ஓர் அதிகாரியின் அத்தாட்சி இல்லாமல் பென்ஷன் வழக்கை சிவில் கோர்ட்டு எடுத்துக்கொள்ளாது. அதாவது, அது எஜமான் மனமிரங்கிக் கொடுப்பது. உரிமையோடு கேட்டு வாங்குவதல்ல. ரெயில்வேக்காரர்களுக்கு 1957 வரையில் அதுவும் கிடையாது. பிராவிடண்ட் பண்டை மொத்தமாக வாங்கிக்கொண்டு வருவார்கள். ஒரு பெண்ணின் கல்யாணத்தோடு அது கரைந்துவிடும். 1950-ல் வந்த விதிகள் குடும்பத்துக்குச் சில வருஷங்களுக்கு மட்டும் ஏதோ வழி செய்தன. விதவைக்கு ஆயுள் வரையில் குடும்பப் பென்ஷன் என்ற ஏற்பாடு 1964 ஜனவரி முதல் தேதிதான் வந்தது. அதற்கு முன்பே ரிடையர் ஆனவர்களின் மனைவிமார் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி என் அப்பாவின் அத்தை. அவள் புருஷர் 1947-ல் ரிடையர் ஆகி, 1960 மார்ச்சில் காலமானார். அந்த மாதத்தோடு பென்ஷனும் நின்றது. அவளுக்கு வயது ஐம்பத்தாறு, குழந்தை இல்லை. முன் அறையை வாடகைக்கு விட்டாள். அப்பளம் இட்டாள், வடாம் பிழிந்தாள், கல்யாண வீடுகளுக்கு முறுக்குச் சுற்றப் போனாள்.

புருஷர் எழுதிவந்த கணக்கு நோட்டை மட்டும் அவள் விடவில்லை. மாதத்தின் முதல் வரி "பென்ஷன்" என்று இருக்கும். அவர் போன பிறகும் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் அதே வரியை எழுதி, எதிரே ஒரு பூஜ்யம் போட்டுவந்தாள். "இதை எதற்கு எழுதுகிறாய், அத்தை?" என்று அப்பா ஒருமுறை கேட்டாராம்.

"வர வேண்டிய வரிடா அது. எழுதாம விட்டா, வர வேண்டியதே இல்லேன்னு ஆயிடும்" என்றாளாம்.

அவள் சொன்னதைத்தான் சுப்ரீம் கோர்ட்டும் கடைசியில் சொல்லிற்று. 1982 டிசம்பர் 17-ஆம் தேதி, நகாரா என்பவர் தொடுத்த வழக்கில், பென்ஷன் கருணையினால் போடும் பிச்சையல்ல, உழைத்தவர் சம்பாதித்த உரிமை என்ற தீர்ப்பு வந்தது. இன்றும் பென்ஷன்காரர்கள் அந்தத் தேதியைக் கொண்டாடுகிறார்கள். 1985-ல் பூனமாள் வழக்கில், 1964 ஏற்பாட்டுக்கு வெளியே நின்ற விதவைகளுக்கும் வழி திறந்தது. 1977 செப்டம்பர் 22 முதல் பாக்கியும் உண்டு என்று ஆயிற்று.

1986-ல் பணம் வந்தபோது பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது, எனக்கு ஏழு. அவள் ஸ்வீட் வாங்கவில்லை, கோயிலுக்குப் போகவில்லை. நோட்டுக்களை எடுத்து வைத்துக்கொண்டு, 1977 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு பூஜ்யமாக அடித்து, பக்கத்தில் தொகையை எழுதினாள். கண் தெரியாத இடங்களில் நான் வரியைக் காட்டினேன். மூன்று வருஷம் பென்ஷன் வாங்கிவிட்டு அவளும் போய்ச் சேர்ந்தாள்.

அந்த நோட்டுக்கள் என்னிடம் இருக்கின்றன. மாமி கேட்டுவிட்டுப் போன இரவு அவற்றை எடுத்துப் பார்த்தேன். 1960 ஏப்ரல் முதல் 1977 ஆகஸ்ட் வரையில் இருநூற்றொன்பது பூஜ்யங்கள் அடிக்கப்படாமல் அப்படியே நிற்கின்றன. எந்தக் கோர்ட்டும் அவற்றைத் தொடவில்லை.

மறுநாள் காலை மாடிக்குப் போய், பென்ஷன் உத்தரவைப் பார்க்க வேண்டும் என்றேன். மாமா காரணம் கேட்காமல் டிரங்குப் பெட்டியைத் திறந்து கொடுத்தார். குடும்பப் பென்ஷன் என்ற இடத்தில் மாமியின் பெயர் இருந்தது. பிறந்த தேதியும் சரியாக இருந்தது. பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி என்றால், இது நூற்றுக்கு முப்பது என்று விளக்கினேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு மாமாவை ஒரு பார்வை பார்த்தாள்.

"சரி, சரி. உள்ளே வையுங்கோ. அது ஒண்ணும் இப்போ வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, எனக்குக் காப்பி கலக்கப் போனாள்.