மருந்தில்லா மருத்துவமும் 'தகவலாளி'யும்

நோயின் வரலாறு என்று நமக்குத் தரப்படுவது பெரும்பாலும் நோயைக் 'கண்டுபிடித்தவர்களின்' வரலாறுதான். ஃப்ரன்டோடெம்பரல் டிமென்ஷியாவின் கதையும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. 1892இல் ப்ராக் நகரத்து மருத்துவர் ஆர்னால்ட் பிக், பேச்சை இழந்துவந்த 71 வயது ஆகஸ்ட் ஹெச். என்பவரைப் பற்றி எழுதினார். இறந்தபின் மண்டையைத் திறந்து பார்த்தபோது மூளையின் இடது பொட்டு மடல் சுருங்கியிருந்தது. 1911இல் அல்சைமர் நுண்ணோக்கியின் வழியே செல்லுக்குள் கிடந்த உருண்டைகளை விவரித்தார். இருபதுகளில் 'பிக் நோய்' என்ற பெயர் நிலைத்தது. பிறகு 1994இல் லுண்ட்-மான்செஸ்டர் வரையறைகள், 1998இல் டௌ மரபணு, 2006இல் டிடிபி-43 புரதம்.

இந்த வரிசையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். பிணவறை, நுண்ணோக்கி, மரபணு. பூக்கோ பேசிய மருத்துவப் பார்வை, உடலைத் திறந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. வீடு மட்டும் எந்த இடத்திலும் வரவில்லை.

ஆனால் வீடு இல்லாமல் இந்த நோயே இல்லை. 'மறதிநோய்' என்று தமிழில் எழுதிப் பழகிவிட்டோம். இங்கே அந்தச் சொல் பொருந்தாது. ஆரம்பத்தில் மறதி பெரிதாக இருக்காது. பெரும்பாலும் 45க்கும் 65க்கும் இடையில், வேலையில் இருக்கும் வயதில், மனிதர் மாறத் தொடங்குகிறார். சாவு வீட்டில் சிரிக்கிறார். இனிப்பை அள்ளி அள்ளித் தின்கிறார். ஒரே தெருவில் ஒரே நேரத்தில் நடக்கிறார். பக்கத்தில் ஒருத்தி அழுதால் அது அவருக்கு எட்டுவதில்லை. தனக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற உணர்வும் நோயோடு சேர்ந்து போய்விடுகிறது. மருத்துவர் எதிரில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் ஆள் நன்றாகத்தான் இருப்பார். அதனால்தான் 2011இல் வெளியான சர்வதேச வரையறை, நடத்தை மாற்றத்தை நேரில் காணவேண்டும் அல்லது நன்கறிந்த 'இன்ஃபார்மன்ட்' ஒருவர் சொல்லவேண்டும் என்கிறது. தகவலாளி! போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்கும் இந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் மனைவி, அல்லது மகள். நோயைப் பற்றிய அறிவு அவளிடமிருந்துதான் தொடங்குகிறது. வரலாற்றில் அவளுக்குக் கிடைத்த இடம், தகவல் கொடுத்தவள் என்பது.

1980இல் ஸாரிட்டும் சக ஆய்வாளர்களும் 29 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள் (பிற்பாடு அது 22 கேள்வியாகச் சுருங்கியது). அதில் அவள் படும் பாட்டுக்குப் பெயர் 'சுமை'. தகவலாளி இப்போது மதிப்பெண் பெறுகிறாள். அடுத்த வருஷம் பால்டிமோரிலிருந்து நான்ஸி மேஸும் பீட்டர் ராபின்ஸும் வெளியிட்ட புத்தகம், பராமரிப்பவரின் ஒரு நாள் 36 மணி நேரம் என்று தலைப்பிலேயே சொன்னது. நம்மூர் ஆஸ்பத்திரிகளில் இவர்களுக்கு 'அட்டெண்டர்' என்று பெயர். பாஸ் இல்லாவிட்டால் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார், அவ்வளவுதான் அந்தஸ்து.

சரி, மருந்து? அல்சைமர் நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் வகையறா இங்கே உதவுவதில்லை. சிலருக்கு நடத்தையை இன்னும் மோசமாக்குகிறது. மெமான்டினும் பயனில்லை என்று 2013இல் தெரிந்துவிட்டது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் படபடப்பையும் தீனி வெறியையும் கொஞ்சம் அடக்கலாம். நோயை நிறுத்த எதுவும் இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் 'மருந்தில்லா அணுகுமுறை' என்ற சொல்லாடல் வந்து உட்கார்ந்தது.

அதன் உள்ளடக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆளை மாற்ற முயலாதே, சூழலை மாற்று என்பது அதன் மையம். இனிப்பு கண்ணில் படக்கூடாது. வாதம் கூடாது, கவனத்தைத் திருப்பவேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும் பிடிவாதத்தையே தினசரி ஒழுங்காக்கிவிடலாம்: நடக்கத்தான் செய்வார் என்றால் பாதுகாப்பான பாதையில் நடக்கட்டும். கடையில் சண்டை வந்தால் நீட்டுவதற்கு, 'இவருக்கு மூளையில் நோய், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று அச்சிட்ட ஒரு சிறு அட்டை. 2014இல் கேல்ஸ், கிட்லின், லைகெட்ஸோஸ் மூவரும் வகுத்த முறை, நடந்ததை விவரி, காரணத்தைத் தேடு, வழி அமை, பலனைப் பார் என்று போகிறது. ஒவ்வொரு குடும்பத்துப் பெண்ணும் அடுப்படியில் தட்டுத்தடுமாறிக் கண்டது இது. கிளினிக் அதற்கு இலக்கணம் எழுதியது. கேம்பிரிட்ஜில் டி.எம். என்ற முதலெழுத்துக்களால் மட்டும் அறியப்படும் ஒருவர், சொற்களின் பொருள் அழிந்துபோகும் வகை நோய் கண்டவர், சொற்பட்டியல்களை மனப்பாடம் செய்து மீட்டார். பயிற்சியை விட்டதும் அவை மறுபடி உதிர்ந்தன. ஆய்வு 1999இல் வந்தது. மருந்தில்லா முறைகளின் இயல்பே இதுதான். நிறுத்தினால் போயிற்று. அப்படியென்றால் நிறுத்தாமல் செய்துகொண்டிருப்பது யார்?

பிராட்ஃபோர்டின் டாம் கிட்வுட் 1997இல், டிமென்ஷியா உள்ளவரின் ஆளுமையை அழிப்பது மூளைச்சேதம் மட்டுமல்ல, சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதமும்தான் என்று வாதிட்டு, அந்த நடத்தைகளை 17 ஆகப் பட்டியலிட்டார். முதலாவதாக வருவது துரோகம்: ஏமாற்றிக் கவனம் திருப்புவது, காரியம் சாதித்துக்கொள்வது. முதியோர் இல்லங்களைக் கண்டித்து எழுந்த குரல் அது, அவசியமான குரல். ஆனால் ஃப்ரன்டோடெம்பரல் கையேடு சாவியை ஒளித்துவை என்கிறதே! ஆளுமை என்பது இருவருக்கிடையிலான உறவில் தங்குகிறது என்றால், ஒரு பக்கம் பதில் நின்றுபோன உறவை யார் எத்தனை காலம் தனியாகத் தாங்குவது? கிட்வுட்டின் கோட்பாடு இந்த இடத்தில் மௌனமாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

என் அத்தானுக்கு 57 வயசில் ஆரம்பித்தது. முதல் இரண்டு வருஷம் ஒரு டாக்டர் அதைப் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றே வைத்தியம் பார்த்தார். அக்கா ஒருநாள் சொன்னாள்: "சர்க்கரை டப்பாவை அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன்டா. முப்பது வருஷத்துல அவர்கிட்ட ஒரு பொய் சொன்னதில்லே. இப்ப நான் அழுதாலும் காபி ஆச்சான்னுதான் கேக்கறாரு." கிட்வுட்டின் பட்டியல்படி அவள் துரோகி. கையேட்டின்படி நல்ல பராமரிப்பாளர். ஸாரிட் கணக்கில் ஓர் எண்.

மருந்தில்லா முறையில் மருந்தாக உட்கொள்ளப்படுவது இவள்தான். இதற்கு விலை உண்டா என்ற கேள்வியை, கிட்வுட்டின் நாடான பிரிட்டன் முன்னதாகவே எதிர்கொண்டது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட மேரி வெப்ஸ்டர் என்ற மதபோதகர் 1963இல் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து, 1965இல் மணமாகாத பெண்களுக்கான ஓர் அமைப்பு பிறந்தது. 1976இல் பராமரிப்பவருக்கு உதவித்தொகை வந்தது, மணமான பெண்களைத் தவிர்த்து. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அரசின் தர்க்கம். இரண்டு வருஷம் முன்பே வெள்ளை அறிக்கையில் எழுதியும் வைத்திருந்தது. தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்குலின் ட்ரேக் வழக்குப் போட்டு, 1986 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றத்தில் அந்தத் தர்க்கத்தை உடைத்தார். தீர்ப்புக்குச் சற்று முன்னால் அரசு தானாகவே பணிந்துவிட்டதாக அறிவித்ததையும் சொல்லவேண்டும். 1995இன் சட்டம் பராமரிப்பவருக்குத் தந்தது, தன் திறனை மதிப்பிடச் சொல்லிக் கேட்கும் உரிமை. மதிப்பிட்ட பின் உதவி கொடுத்தே ஆகவேண்டும் என்ற கடமை இங்கிலாந்தில் 2014இன் சட்டத்தில்தான் வந்தது.