நாய்க்குப் பட்ட கடன்

பித்தப்பையை வெட்டி எடுத்தாலும் உயிர் பிழைக்கலாம் என்பதை மனிதர் நாயிடமிருந்துதான் கற்றார்கள். இத்தாலியில் ஜுஸெப்பே ஸம்பெக்காரி உயிருள்ள நாய்களில் அதைச் செய்துபார்த்து, 1680இல் எழுதி வெளியிட்டார். மயக்க மருந்தே இல்லாத காலம், யோசிச்சுப் பாருங்கோ! இருநூறு வருடம் கழித்து, 1882இல், பேர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாக ஒரு மனிதரின் பித்தப்பையை அகற்றினார்.

நாயின் சொந்தப் பித்தப்பை நோயோ நெடுங்காலம் கண்ணில் படவில்லை. வலிக்குது என்று அது சொல்லாது. சாப்பாட்டை ஒதுக்கும், சத்தி எடுக்கும். செங்கண்மாரி தெரியும்போது பலவேளை பிந்திவிடும். அல்ட்ராசவுண்ட் ஸ்கான் வந்தபிறகுதான், கூழாக இறுகிய பித்தம் குறுக்காக வெட்டின கிவிப் பழம்போல மிருக வைத்தியர்களுக்குத் தெரிந்தது. பை வெடிக்கமுதல் அதை அகற்றுவதே இன்று முக்கிய சிகிச்சை. அதே வெட்டுத்தான், ஆனால் இந்தமுறை மயக்க மருந்தோடு, நாய் பிழைக்கவேண்டும் என்பதற்காக.