தலைவர் சொல்லும் சட்டமும்: 1957 உடன்படிக்கையின் முறிவு

1957 ஜூலை 26 அன்று பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்படிக்கை, பிராந்திய சபைகளுக்கும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ்வழி நிருவாகத்துக்கும் வழிவகுத்தது. அதனை நம்பியே ஆகஸ்டு 20இல் தொடங்கவிருந்த சத்தியாக்கிரகத்தைக் கட்சி கைவிட்டது. பிரதமருக்கு உடனடிப் பயன்; கட்சிக்கோ வாக்குறுதி மட்டுமே.

முறிவுக்குப் பிக்குகளின் எதிர்ப்பும் ஐக்கிய தேசியக் கட்சியின் கண்டி யாத்திரையும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அவை மறுக்கத்தக்கன அல்ல. எனினும், உடன்படிக்கை சட்டமாகாமல் இரு தலைவர்களின் சொல்லாகவே நின்றமை அவற்றினும் அடிப்படையானது. 1958 ஏப்ரல் 9இல் பிரதமர் இல்லத்தின் முன் பிக்குகள் அமர்ந்தபோது, அதனைக் கைவிட நாடாளுமன்ற வாக்கெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. எழுத்துமூல உறுதிமொழி ஒன்றே போதுமானதாயிற்று. மே மாதம் வன்செயல் வெடித்தது. தமிழ்மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் ஒழுங்குவிதிகளோ 1966இல்தான் வந்தன.

1965இல் டட்லி சேனநாயக்காவுடனான ஒப்பந்தமும் இவ்வடிவினதே. அன்று எதிர்த்த கட்சி இப்போது உடன்பட்டது. அன்று உடன்பட்ட கட்சி எதிர்த்தது. 1968இல் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது. இதன்பின் ஐயம் எந்தவொரு தலைவரையும் குறித்ததாக அன்றி, ஆட்சிமுறையையே குறித்ததாயிற்று. 1976 மே 14இல் தனி அரசைக் கோரிய வட்டுக்கோட்டை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், இரு ஒப்பந்தங்களிலும் கையொப்பமிட்ட செல்வநாயகமே.