1883இல் எழுதிய பிரிவும் நம் தோட்டத்துப் பெண்களும்



கருக்கலைப்பு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். ஆனால் இந்தச் சட்டத்தின் கதைக்குள் நம் தோட்டத்துப் பெண்களின் உயிரும் இருக்கிறது. பொறுமையாக வாசியுங்கள்.

நமது தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானியர் ஆக்கியது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம் என்கிறது அதன் 303ஆம் பிரிவு. மீறினால் 3 வருடம் வரை சிறை. கரு அசையத் தொடங்கிய பிறகென்றால் 7 வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதிய வாசகம் அது. பிரித்தானியா 1967இலும் இந்தியா 1971இலும் தங்கள் சட்டங்களைத் தளர்த்திவிட்டன. நமது சட்டம் அப்படியே இருக்கிறது.

வல்லுறவால் உண்டான கருவுக்காவது விலக்குக் கொடுக்க 1995இல் முயன்றார்கள். எதிர்ப்பு வந்ததால் கைவிட்டார்கள். வல்லுறவுக்கான தண்டனை மட்டும் அந்த வருடம் கடுமையானது. கெடுத்தவனுக்குத் தண்டனை கூடியது, கெடுக்கப்பட்ட பிள்ளைக்கு வழி பிறக்கவில்லை. 2017இல் அமைச்சரவை வரை போன யோசனையும் மதத் தலைவர்களின் எதிர்ப்போடு நின்றது.

நான் மார்க்கத்தை மதிப்பவன். காரணமில்லாமல் கருவை அழிப்பதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் 120 நாளுக்கு முந்திய கரு பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. தாயின் உயிருக்கு ஆபத்தென்றால் அவளைக் காப்பதே முதன்மை என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள்.

காசுள்ளவர்கள் சட்டம் இடம் கொடுக்கும் நாட்டுக்கு விமானம் ஏறலாம். கொழுந்து எடுக்கிற, பால் வெட்டுகிற பெண்ணுக்கு? 1912ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்து வைத்தியத்தைத் துரைமாரின் பொறுப்பாக்கியது. அதனால் தோட்டம் நாட்டின் சுகாதார சேவைக்கு வெளியே நெடுங்காலம் கிடந்தது. இன்றும் லயத்திலிருந்து இரத்தினபுரி, கேகாலை பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வது லேசில்லை. யாரோ கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, இரத்தம் போனாலும் பொலிசுக்குப் பயந்து லயத்துக்குள்ளேயே படுத்துக்கிடந்தால் உயிர் போய்விடும்.

சட்டம் எப்போது மாறுமோ, இதை மட்டும் வீட்டில் சொல்லிவையுங்கள்: காரணம் எதுவானாலும், இரத்தம் போகிற பெண்ணுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு, அதுவும் இலவசம். உடனே கூட்டிக்கொண்டு போங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு ஊசி, லூப், மாத்திரை பற்றி கிளினிக்கில் மிட்வைஃப் அம்மாவிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெட்கத்தைவிட உயிர் பெரிது.