கண்புரை அறுவைக்குப் பின் பார்வைத் தொந்தரவுகள்: சிங்கப்பூர்

கண்புரை அறுவையில் மங்கிய இயற்கை லென்ஸை அகற்றி, அது இருந்த உறைக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கப்படுகிறது. சிங்கப்பூரில் பெரும்பாலோர் அன்றே வீடு திரும்புகின்றனர்; கட்டணத்துக்கு மெடிசேவ் சேமிப்பையும் பயன்படுத்தலாம். 1990இல் தொடங்கிய சிங்கப்பூர் தேசியக் கண் நிலையத்திலும், லிட்டில் இந்தியாவிலிருந்து அதிகத் தொலைவில்லாத டான் டோக் செங் மருத்துவமனையிலும் இச்சிகிச்சை உண்டு.

பார்வை தெளிந்த பின்னும் சிலருக்கு இல்லாத ஒளியும் நிழலும் தெரியும். மருத்துவத்தில் இதற்கு டிஸ்ஃபோடாப்சியா என்று பெயர். சிராங்கூன் சாலையின் தீபாவளி விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிவதும், எதிர்வரும் வாகன வெளிச்சம் கீற்றாக நீள்வதும் ஒரு வகை. காதோரப் பக்கம் கரிய பிறைநிழல் விழுவது மற்றொரு வகை. லென்ஸ் உறையின் பின்புறம் பிறகு மங்குவதை, அதாவது பின்னுறை மங்கலை, தடுக்கவே இன்றைய லென்ஸ்களின் விளிம்பு கூர்மையாக அமைக்கப்படுகிறது. ஒளி சிதறுவதும் பெரும்பாலும் அதே விளிம்பில்தான். ஆகவே குறையின்றி முடிந்த அறுவைக்குப் பிறகும் இது வரலாம். மருத்துவரைக் குறைகூறுவது பெரும்பாலும் நியாயமன்று. “எல்லாம் சரியாக இருக்கிறது” என்று நோயாளியை அனுப்பிவிடுவதும் சரியன்று. அவருக்கு நிழல் தெரிவது உண்மை.

பலருக்குச் சில மாதங்களில் மூளை பழகிவிடுகிறது. தடித்த சட்டமுள்ள மூக்குக்கண்ணாடி பக்கநிழலைக் குறைக்கும். இரவுக் கீற்றுக்குக் கண்பாவையைச் சுருக்கும் சொட்டு மருந்து தரப்படுவதுண்டு. பன்முகக் குவிய லென்ஸில் ஒளிவளையம் அதிகம் தெரியும். எனவே இரவில் டாக்சி ஓட்டுபவர் தம் தொழிலை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நிழல் நீடித்துத் தொல்லை தந்தால் லென்ஸை மாற்றவும் வழியுண்டு. ஆனால் யாக் லேசரால் பின்னுறையைத் திறந்துவிட்டால் அம்மாற்றம் கடினமாகும். மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பனிபோலப் படரும் பின்னுறை மங்கலுக்கு அந்த லேசர் சில நிமிட வேலை. பிறைநிழலுக்காக அதற்கு அவசரப்படக் கூடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. 2010ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில் சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது. அறுவை முடிந்து சில வாரங்களுக்குப் பின் எழுத்து வளைந்தோ நடுப்பார்வை மங்கியோ தெரிந்தால் விழித்திரை வீக்கமா எனப் பரிசோதிக்க வேண்டும்.

திடீரென மின்னல் தெறித்தாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, திரை இறங்கியதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, வலியும் சிவப்பும் மிகுந்து பார்வை குறைந்தாலோ, அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திராமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.