படைக்கு ஏற்ற பருவம்



இடைசெவலிலிருந்து நெடுஞ்சாலை வழியே தெற்கே சென்றால் கயத்தாறு வரும். 1799 அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட மண் அது. அத்தகைய கதைகளைக் கேட்டு வளரும் கரிசற் சீமைப் பிள்ளைகளுக்குப் படையில் சேரும் ஆசை எழுவது இயல்பே. ஆனால் எந்த வயதில் சேரலாம்?

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு தாயைக் காட்டுகிறார். கணவனைப் போரில் இழந்த அவள், தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். அப்பாட்டு தாயின் துணிவைப் போற்றுகிறது. சிறுவனின் கருத்தை வினவவில்லை. அவ்வினாவை எழுப்பியது பிற்காலச் சட்டமே.

1977இல் ஜெனீவா உடன்படிக்கைகளின் கூடுதல் நெறிமுறைகள் 15 வயதை எல்லையாக வகுத்தன. 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற விருப்ப நெறிமுறை அதனை உயர்த்தியது. 18 நிரம்பாதோரை அரசுகள் கட்டாயமாகப் படையில் சேர்க்கலாகாது. நேரடிப் போரில் ஈடுபடாமல் காக்கவும் வேண்டும். ஆயுதக் குழுக்களோ அவர்களைச் சேர்க்கவே கூடாது. இந்தியா 2005இல் இதனை ஏற்றது. பதினாறரை வயதில் விருப்பத்துடன் சேரலாம். 18 நிரம்பிய பின்னரே போர்முனைக்கு அனுப்பப்படுவர் என்று அப்போது அறிவித்தது. 2022இல் தொடங்கிய அக்னிபத் திட்டத்தில் குறைந்த வயது பதினேழரை.

இவ்வெல்லையின் அருமையை ஈழம் கண்ணீரால் அறிந்தது. 17 நிரம்பாதோரைச் சேர்ப்பதில்லை, 18 நிரம்பாதோரைப் போரில் இறக்குவதில்லை என்று 1998இல் ஐ.நா. பிரதிநிதியிடம் விடுதலைப் புலிகள் வாக்களித்தனர். அவ்வாக்கு காக்கப்படவில்லை. 2004இல் பிரிந்த கருணா அணியும் சிறுவரைச் சேர்த்தது. பிள்ளைகளைப் பெற்றோர் ஒளித்துவைத்தனர்; சிலர் காலத்துக்கு முன்பே மணமுடித்து வைத்தனர். இலங்கை 2006இல் இதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 2009இல் போர் ஓய்ந்தபின் மறுவாழ்வு பெற்ற சிறார் 594 பேர். அவருள் பலர் இரத்மலானை இந்துக் கல்லூரியில் மீண்டும் பாடம் பயின்றனர்.

சிறுவர்க்குத் துணிவில்லை என்று சட்டம் கூறவில்லை. அவர்களுக்குத் துணிவு மிகுதி. அதனாலேயே பிறர் அவர்களை எளிதில் பயன்படுத்துகின்றனர். வேறு வாழ்வு எதனையும் அறியாதவன் தரும் இசைவை முழு இசைவு என்று கொள்ள இயலாது.

படையில் சேர விழைவோர் சேருங்கள். அது மதிப்புக்குரிய பணி. ஆனால் பள்ளிப் படிப்பை முடித்து, நன்கு ஆராய்ந்து, நீங்களே எடுத்த முடிவாக அது இருக்கட்டும். அந்த உரிமை உங்களுக்குக் கிடைக்கும் வரை காத்து நிற்பதே வயது வரம்பின் வேலை.