ராஜினாமா என்னும் ஆயுதம்

எங்கள் கரிசல் பக்கத்தில் ஊராட்சி மன்றத்தை இன்றும் பெரியவர்கள் 'பஞ்சாயத்து போர்டு' என்றே சொல்கிறார்கள். சிவகாசியை அடுத்த எம். புதுப்பட்டி போன்ற பட்டாசு வட்டாரத்து ஊர்களில் அதன் அதிகாரம் சற்று விசித்திரமானது. குடிநீர், தெருவிளக்கு, வீட்டுவரி, தொழில்வரி எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் அதே ஊர் எல்லைக்குள் பட்டாசு தயாரிக்க உரிமம் வழங்குவது மாவட்ட ஆட்சியரும் மத்திய அரசின் வெடிபொருள் துறையும்தான். இவ்வளவு குறுகிய அதிகாரமுள்ள நாற்காலிக்காக யாராவது பத்தாண்டுகள் மல்லுக்கட்டுவார்களா? கட்டினார்கள், இதே விருதுநகர் மாவட்டத்தில்.

அதற்கு முன் உத்திரமேரூர். உள்ளாட்சி என்றதும் மேடைதோறும் அந்தப் பெயர் வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, கி.பி. 919, 921. குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதிகள் கறாரானவை: வரி செலுத்தும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். இன்றைய சட்டமன்றம் எதுவும் இப்படியொரு விதியை நிறைவேற்றத் துணியுமா என்று தெரியவில்லை.

ஆனால் அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களின் சபை. பிறப்பால் யார் உள்ளே வரலாம் என்பது அங்கே விவாதத்துக்கே வரவில்லை. வாசலை முதலிலேயே அடைத்துவிட்டு, உள்ளே இருப்பவர்களுக்குள் நேர்மையாக நடந்துகொண்ட சபை அது. வகுப்பில் இதைப் பாடமாக நடத்தும்போது முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வதே நம் வழக்கமாக இருந்திருக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அடைத்த வாசலைச் சட்டம் திறந்தது மிகப் பிந்தித்தான். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. தலைவர் பதவிகளில் ஒரு பகுதி, மக்கள்தொகை விகிதப்படி, ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது. 1996இல் தேர்தல். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல். இந்த நான்கு ஊராட்சிகளிலும் 2006 வரை ஆதிதிராவிடத் தலைவர் ஒருவர் நிலைத்து உட்கார முடியவில்லை.

அது நடந்த விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். சட்டத்தை யாரும் கிழித்துப் போடவில்லை. ஒரு தேர்தலில் எவரும் வேட்புமனு தாக்கல் செய்யாமல் பார்த்துக்கொண்டார்கள். இன்னொரு தேர்தலில் தங்களுக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி, ஜெயிக்கவைத்து, உடனே விலகவைத்தார்கள். பதவி விலகுவது சட்டம் தந்த உரிமை. இடம் காலியானால் இடைத்தேர்தல் நடத்துவதும் சட்டப்படிதான். அதிலும் இதே நாடகம். மேலூர் அருகே மேலவளவில் இந்த நாடகத்துக்கு உடன்படாமல் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். மற்ற ஊர்களில் ராஜினாமாக் கடிதங்களுக்குப் பின்னால் இருந்தது என்ன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இங்கே இன்னொரு ராஜினாமா நினைவுக்கு வருகிறது. சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட காமராஜர், 1941இல் விடுதலையாகி வந்ததும் அந்தப் பதவியைத் துறந்தார். முழுமையாகக் கடமையாற்ற முடியாத பதவியை வைத்துக்கொள்ளக்கூடாது என்பது அவர் எண்ணம். பிற்பாடு அவர் முதல்வராக இருந்தபோதுதான் 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம் வந்தது. அதே மண்ணில், நாற்பது ஆண்டுகள் கூட ஆகாத நிலையில், எழுதிக்கொடுத்த தாளில் கையெழுத்திடுவது ராஜினாமா என்று ஆயிற்று.

2006 அக்டோபரில் நான்கு ஊர்களிலும் முறையாகத் தேர்தல் நடந்தது. வென்றவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். ஆனால் அமர்ந்தால் மட்டும் போதுமா? ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். கணக்கு ஒழுங்குக்காக வந்த நல்ல விதிதான், உத்திரமேரூர்க்காரர்களும் மெச்சியிருப்பார்கள். துணைத்தலைவர் ஆதிக்க சாதிக்காரராக இருந்து பேனாவை மூடிவைத்துவிட்டால், தெருவிளக்குக்கு ஒரு பல்பு கூட வாங்க முடியாது. 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்தன்று பட்டியலினத் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுமாறு தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சட்டம் வந்து அப்போது இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.